எழுத்தில் கொடுங்கள்!

வாரியங்களையும் கழகங்களையும் ஆள்வது சட்டமா, தொலைபேசியா?

1958 ஜனவரி, பம்பாய். விசாரணை நடக்கும் கூடத்தில் இடம் போதவில்லை. வெளியே நின்ற கூட்டத்துக்காக ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். கொலை வழக்கு இல்லை. சினிமா நட்சத்திரம் யாரும் கூண்டில் ஏறவும் இல்லை. ஓர் அரசுக் காப்பீட்டுக் கழகம் ஆறு கம்பெனிகளின் பங்குகளை எதற்காக வாங்கியது என்று பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி.சாக்ளா கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குத்தான் அத்தனை கூட்டம்.

அந்தக் கழகம் எல்.ஐ.சி. தனியார் காப்பீட்டு நிறுவனங்கள், சேமநலச் சங்கங்கள் என்று மொத்தம் 245 அமைப்புகளை அரசுடைமையாக்கி, 1956 செப்டம்பர் 1-ம் தேதி உருவாக்கப்பட்டது. பிறந்து பத்து மாதம்கூட முடியாத நிலையில், 1957 ஜூனில், ஹரிதாஸ் முந்த்ரா என்ற கல்கத்தா வணிகரின் பிடியில் இருந்த ஆறு கம்பெனிகளில் சுமார் 1.24 கோடி ரூபாய்க்குப் பங்குகளை வாங்கியது. முந்த்ரா அப்போது கடனில் கழுத்துவரை மூழ்கியிருந்தவர். கொடுத்த விலையும் சந்தை விலையைவிடக் கூடுதல். எல்.ஐ.சி.க்கென்று ஒரு முதலீட்டுக் குழு இருந்தது. அதை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகு தகவல் சொன்னார்கள். இன்றைக்கு 1.24 கோடிக்குச் சென்னையில் ஒரு நல்ல ஃபிளாட் வாங்கலாம், அவ்வளவுதான். அன்றைக்கு எல்.ஐ.சி.யின் மொத்த மூலதனமே 5 கோடி.

விஷயத்தை மக்களவையில் போட்டு உடைத்தவர் எதிர்க்கட்சிக்காரர் அல்ல, ஆளுங்கட்சி எம்.பி.யும் பிரதமர் நேருவின் மருமகனுமான ஃபெரோஸ் காந்தி. நிதியமைச்சர் நம்ம ஊர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி. நிதித்துறைச் செயலாளர் எச்.எம்.படேல். 1958 பிப்ரவரியில் சாக்ளா அறிக்கை கொடுத்தார். விசாரணை ஆரம்பித்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. (இன்றைய விசாரணை ஆணையங்களின் ஆயுளைப் பார்த்தவர்கள் இந்த வாக்கியத்தை இன்னொரு முறை படிக்கலாம்.) அந்த மாதமே டி.டி.கே. பதவி விலகினார்.

ஊழல் கதையாகத்தான் இது பள்ளிக்கூட வினா-விடையில்கூட வருகிறது. சுதந்திர இந்தியாவின் முதல் பெரிய நிதி முறைகேடு, மாமனார் ஆட்சியை மருமகன் உலுக்கிய கதை. எனக்கு இதில் பெரிதாகப் படுவது வேறு. எல்.ஐ.சி. சட்டத்தின் 21-வது பிரிவு.

அது சொல்வது இதுதான்: பொதுநலன் சம்பந்தப்பட்ட கொள்கை விஷயங்களில் மத்திய அரசு எழுத்துமூலம் தரும் வழிகாட்டுதலின்படி கழகம் நடக்க வேண்டும். ஒரு விஷயம் பொதுநலன் சார்ந்த கொள்கையா, இல்லையா என்று கேள்வி எழுந்தால், அதிலும் மத்திய அரசின் முடிவே இறுதி.

கூர்ந்து பாருங்கள். சட்டம் அரசாங்கத்துக்கு எதையும் மறுக்கவில்லை. உத்தரவு போடலாம். அந்த உத்தரவு சரியா என்று கேட்டால், அதற்கும் நீயே நீதிபதி என்று சொல்லிவிட்டது. பதிலுக்குக் கேட்டது ஒன்றே ஒன்று, எழுதிக் கொடு. முந்த்ரா விவகாரத்தில் செய்யாமல் விட்டதும் அந்த ஒன்றைத்தான்.

ஏன் எழுதவில்லை? எழுதினால் காகிதம் நடக்கும். கழகத் தலைவரின் மேஜைக்குப் போகும், முதலீட்டுக் குழுவுக்குப் போகும், தணிக்கையாளர் கண்ணில் படும், கடைசியில் ஏதாவது ஒரு எம்.பி. கையில் கிடைக்கும். வாயால் சொன்னது அறையை விட்டு வெளியே போகாது. விசாரணையில் நடந்தது அதற்குச் சாட்சி. அமைச்சருக்குத் தெரியும், ஒப்புக்கொண்டார் என்றது செயலாளர் தரப்பு. நான் ஒப்புதல் தரவில்லை என்றார் அமைச்சர். அரசின் உத்தரவு என்று எடுத்துக்கொண்டுதான் செய்தோம் என்றார்கள் கழகத்தின் அதிகாரிகள். பங்குச் சந்தையைத் தாங்கிப் பிடிக்கத்தான் வாங்கினோம் என்று சொல்லிப் பார்த்தார்கள். ரிசர்வ் வங்கி கவர்னரின் சாட்சியமே அதற்கு இடம் கொடுக்கவில்லை. கோடிக்கு மேல் பணம் போயிருக்கிறது, போகச் சொன்னது யார் என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டு இல்லை.

செயலாளர் செய்ததற்கு அமைச்சரே பொறுப்பு என்று சாக்ளா முடித்தார். அதோடு நிற்கவில்லை. தன்னாட்சிக் கழகங்களின் வேலையில் அரசு தலையிடக் கூடாது. தலையிட்டே தீரவேண்டும் என்றால் எழுத்தில் கொடுக்கும் பொறுப்பைத் தட்டிக்கழிக்கக் கூடாது. இத்தகைய கழகங்களின் தலைவர் பதவிக்கு நிதியும் வணிகமும் தெரிந்தவர்கள் வரவேண்டும். அரசுப் பணியிலிருந்து கழகத்துக்கு வரும் அதிகாரி, தன் விசுவாசம் இனி கழகத்துக்குத்தான் என்பதை உணர வேண்டும். பாலிசிதாரர் பணம் பாலிசிதாரர் நலனுக்கு மட்டும். எதுவானாலும் நாடாளுமன்றத்திடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இன்றைக்கு உலக வங்கியும் ஐ.நா. அமைப்புகளும் நல்லாட்சி என்ற பெயரில் வழவழ தாளில் அச்சிட்டுத் தருகிற வெளிப்படைத்தன்மை, பொறுப்புடைமை, சுதந்திரம் எல்லாம் அந்த ஐந்து வரிகளுக்குள் வந்துவிடுகின்றன.

பிறகு என்ன ஆனது? டி.டி.கே. 1962-ல் அமைச்சரவைக்குத் திரும்பினார், மறுபடி நிதியமைச்சரும் ஆனார். படேல் 1977-ல் ஜனதா அரசின் நிதியமைச்சர் ஆனார். ஆட்கள் போவார்கள், வருவார்கள். சட்டம்? 21-வது பிரிவு அப்படியே இருந்தது. எழுத்தில் வராத உத்தரவைக் கேட்டுக் காரியம் செய்தால் அந்தக் காரியத்தின் கதி என்ன, சொன்னவருக்கு என்ன, கேட்டவருக்கு என்ன என்று ஒரு வரி சேர்க்கப்படவில்லை. நம் பொது அமைப்புகளின் சட்டங்களில் உள்ள பெரிய ஓட்டை இதுதான் என்பது என் கட்சி. கடமை எழுதியிருக்கும், தவறினால் என்ன என்பது எழுதியிருக்காது.

பச்சை மையில் ஒரு சொல்

அரசு அலுவலகத்தில் கொஞ்ச நாள் குப்பை கொட்டியவர்களுக்கு இந்தக் காட்சி தெரியும். பிரிவு உதவியாளர் விதிகளை எடுத்துக்காட்டி, கோரிக்கையை ஏற்க இயலாது என்று குறிப்பு எழுதி மேலே அனுப்புகிறார். கண்காணிப்பாளர் சுருக்கொப்பம் இடுகிறார். கோப்பு இன்னும் இரண்டு மேஜை ஏறுகிறது. ஒரு வாரம் கழித்துத் திரும்பி வரும்போது ஓரத்தில் பச்சை மையில் ஒரே ஒரு சொல் இருக்கிறது: ‘பேசவும்’. உதவியாளர் அறைக்குள் போகிறார், வருகிறார். அடுத்த பக்கத்தில் அவருடைய கையெழுத்திலேயே புதிய குறிப்பு எழுதப்படுகிறது: சிறப்பு நேர்வாகக் கருதிப் பரிசீலிக்கலாம். இரண்டு பக்கங்களுக்கும் நடுவில் என்ன பேசினார்கள் என்பதற்குத் தடயம் கிடையாது. நாளைக்குத் தணிக்கை ஆட்சேபம் வந்தால் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வருவது அந்த உதவியாளருக்கு.

இதைத் தடுக்க விதி இல்லாமல் இல்லை. ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். அதிகாரிகளுக்கான 1968-ம் ஆண்டு நடத்தை விதிகள், மேலதிகாரியின் உத்தரவு சாதாரணமாக எழுத்தில்தான் இருக்க வேண்டும், வாய்மொழியாகச் சொல்ல நேர்ந்தால் உடனே எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும் என்று சொல்கின்றன. விதி காகிதத்தில் தூங்கியது. முன்னாள் அமைச்சரவைச் செயலாளர் டி.எஸ்.ஆர்.சுப்பிரமணியனும் ஓய்வுபெற்ற அதிகாரிகள் பலரும் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2013 அக்டோபர் 31-ல் வந்த தீர்ப்பு, அதிகாரிகள் வாய்மொழி உத்தரவின்பேரில் மட்டும் செயல்படக் கூடாது, வந்த உத்தரவைப் பதிவுசெய்ய வேண்டும் என்றது. நீதிமன்றம் சொன்ன காரணங்களில் ஒன்று எளிமையானது. எல்லாம் வாய்ப்பேச்சிலேயே நடந்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்க எதுவும் இருக்காது.

எழுதினால் வேலை நடக்காது என்று ஒரு வாதம் உண்டு. அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஊழல் தடுப்புச் சட்டத்தின் 13-வது பிரிவில் ஓர் உட்பிரிவு இருந்தது. பொதுநலன் இல்லாமல் யாருக்காவது பணப் பயன் கிடைக்கும்படி ஓர் அதிகாரி செய்திருந்தால் போதும். அவர் கை நீட்டினாரா என்பதே கேள்வி இல்லை. நேர்மையானவர் என்று பெயரெடுத்தவர்களும் அதில் சிக்கினார்கள். 2018-ல் அதை நீக்கினார்கள். அதுவரை, கையெழுத்துப் போடாத அதிகாரியே பிழைக்கத் தெரிந்தவர் என்ற நிலை. முடிவெடுப்பவரை மிரட்டும் சட்டம் நல்லாட்சி தராது, தள்ளிப்போடுவதைத்தான் வளர்க்கும். ஆனால், இந்த வாதத்தின் முடிவு என்னவாக இருக்க வேண்டும்? காரணத்தை எழுதி நல்லெண்ணத்தோடு எடுத்த முடிவு பின்னால் தவறாகப் போனாலும் எழுதியவருக்குப் பாதுகாப்பு தருவது. எழுதவே வேண்டாம் என்பதல்ல. முந்த்ரா விவகாரத்தில் எல்.ஐ.சி. அதிகாரிகள் கையில் 21-வது பிரிவின்படி ஒரு கடிதம் இருந்திருந்தால் அவர்களை யார் என்ன செய்திருக்க முடியும்?

மின்கட்டண ரசீதில் ஒளிந்திருப்பது

மத்தியச் சட்டங்கள் பிற்பாடு கொஞ்சம் கற்றுக்கொண்டன என்பதையும் சொல்ல வேண்டும். பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் சட்டம், அரசு வழிகாட்டுதல் தருமுன் செபிக்குத் தன் கருத்தைச் சொல்ல வாய்ப்புத் தரச் சொல்கிறது. தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்தும் டிராயின் சட்டத்திலும் அப்படியே. எல்.ஐ.சி. சட்டத்துக்கு முன்பே இருந்த ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 7-வது பிரிவும், கவர்னரோடு கலந்துபேசிய பிறகே அரசு உத்தரவிடலாம் என்கிறது. 2018-ல் அந்தப் பிரிவின் பெயர் அடிபட்டபோது நாடே பரபரத்தது. அந்த டிசம்பரில் கவர்னர் உர்ஜித் படேல் சொந்தக் காரணம் என்று சொல்லி விலகினார். பகிரங்கமாகக் கையாள வேண்டிய அதிகாரம் என்றால் அரசாங்கங்கள் எவ்வளவு தயங்கும் என்பதற்கு அது ஓர் உதாரணம்.

ஆனால் என்னைக் கேட்டால், இந்த வகைச் சட்டப்பிரிவுகளில் மிக அழகாக எழுதப்பட்டது 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 65-வது பிரிவு. மாநில அரசு யாருக்காவது மின்சாரத்தைச் சலுகையாகவோ இலவசமாகவோ தர நினைத்தால் தரலாம். அதற்கான மானியத் தொகையை முன்கூட்டியே கட்டிவிட வேண்டும். கட்டாவிட்டால் அந்தச் சலுகை உத்தரவு செல்லாது. ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயித்த கட்டணமே நடைமுறைக்கு வரும். எல்.ஐ.சி. சட்டத்தில் இல்லாத வரி இதில் இருக்கிறது பாருங்கள். செய், செய்யாவிட்டால் இதுதான்.

உங்கள் வீட்டு மின்கட்டண விவரத்தை எடுத்துப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்று 2016-ல் தமிழ்நாடு அரசு அறிவித்தது நினைவிருக்கும். ரசீதில் கட்டணம் தனி, அரசு மானியம் தனி, நீங்கள் கட்டவேண்டியது தனி. அந்த மானிய வரி அங்கே அச்சாகியிருப்பதற்குப் பின்னால் நிற்பது 65-வது பிரிவுதான். இலவசம் என்பது மின்வாரியத்தின் தர்மம் அல்ல, அரசு கஜானாவிலிருந்து வரவேண்டிய பணம் என்பதை அது சொல்கிறது. விவசாயிக்கும் குடிசைக்கும் தரும் மின்சாரமும் அப்படித்தான்.

இவ்வளவு நல்ல சட்டம் இருந்தும் நம் மின்வாரியம் எப்படிக் கடனில் மூழ்கியது? இங்கேதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது. சலுகைக்கு எழுத்தும் பணமும் வேண்டும் என்று சட்டம் கட்டிப்போட்டது. கட்டணத்தை உயர்த்தாமலே இருப்பதற்கு எதுவும் வேண்டியதில்லை. வாரியம் மனுவோடு ஆணையத்தின் படியேறாவிட்டால் ஆணையமும் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடும் என்பதே அன்று நாட்டின் பல மாநிலங்களில் வழக்கம். தமிழ்நாட்டில் 2003-க்குப் பிறகு அடுத்த கட்டண ஆணை 2010-ல்தான் வந்தது. நடுவில் நிலக்கரி விலை ஏறியது, சம்பளம் ஏறியது, வெளியே வாங்கும் மின்சாரத்தின் விலை ஏறியது. கட்டணம் மட்டும் நின்ற இடத்தில் நின்றது. கட்டணத்தை ஏற்றாதே என்று எந்த அரசும் அதே மின்சாரச் சட்டத்தின் 108-வது பிரிவின்படி ஆணையத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டிய தேவையே எழவில்லை. மௌனம் போதுமானதாக இருந்தது.

2011 நவம்பர் 11-ல் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இந்த மௌனத்தை உடைக்கப் பார்த்தது. மனு வராவிட்டால் ஆணையமே தானாக முன்வந்து கட்டணத்தை நிர்ணயிக்க வேண்டும் என்று எல்லா மாநில ஆணையங்களுக்கும் உத்தரவிட்டது. அதன் பிறகு 2012, 2013, 2014 என்று அடுத்தடுத்துக் கட்டண ஆணைகள் வந்தன. அப்புறம்? அடுத்த பெரிய கட்டண உயர்வு 2022 செப்டம்பரில். மறுபடி ஏறத்தாழ எட்டு வருட இடைவெளி. நடுவே 2017-ல், மின்வாரியங்களின் கடனைச் சீரமைக்கும் மத்திய அரசின் உதய் திட்டத்தில் சேர்ந்தபோது மின்வாரியக் கடனில் 22,815 கோடி ரூபாயை மாநில அரசு தன் தலையில் ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. ரசீதில் நாம் கட்டாமல் விட்டதை வரியாகக் கட்டினோம். வித்தியாசம் ஒன்றே. ரசீதில் வந்திருந்தால் கேள்வி கேட்டிருப்போம்.

கட்டணம் உயர வேண்டும் என்று வக்காலத்து வாங்குவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். உயர்த்த வேண்டாம் என்று முடிவெடுக்க மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசுக்கு முழு உரிமை உண்டு. அந்த முடிவில் ஒரு கையெழுத்தும், அதற்கான தொகையும், சட்டமன்றத்தில் ஒரு நாள் விவாதமும் இருக்கட்டும் என்பதுதான் கோரிக்கை. 2010-ல் வாரியத்தை டான்ஜெட்கோ, டான்டிரான்ஸ்கோ என்று பிரித்தார்கள். 2024-ல் டான்ஜெட்கோவை மறுபடி மூன்றாகப் பிரித்தார்கள். பெயர்ப்பலகை மாற்றத்தால் இந்தப் பழக்கம் மாறாது.

அபராதம் யார் பையிலிருந்து?

கம்பெனியாகப் பதிவான பொதுத்துறை நிறுவனங்களின் கதை இன்னொரு விதம். பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனியின் இயக்குநர் குழுவில் மூன்றில் ஒரு பங்காவது, தலைவரே நிர்வாகப் பொறுப்பிலும் இருந்தால் பாதியாவது, தனி இயக்குநர்கள் இருக்க வேண்டும் என்பது செபியின் விதி. ஆளும் தரப்போடு ஒட்டாமல் கேள்வி கேட்க ஆள் வேண்டும் என்பது நோக்கம். இந்தியன் ஆயில், ஓ.என்.ஜி.சி., கெயில் போன்ற நிறுவனங்களில் அந்த இடங்கள் மாதக்கணக்கில் காலியாகக் கிடந்தன. பங்குச் சந்தைகள் அபராதம் போட்டன. நிறுவனங்கள் சொன்ன பதில் ஒரே மாதிரி: இயக்குநரை நியமிப்பது அரசாங்கம், எங்கள் கையில் இல்லை, அபராதத்தைத் தள்ளுபடி செய்யுங்கள்.

அவர்கள் சொன்னது உண்மை. நியமிக்காதது அமைச்சகம், அபராதம் கம்பெனிக்கு. கம்பெனிக்கு என்றால் அதன் பங்குதாரர்களுக்கு, அதாவது பெரும்பகுதி நமக்கு. கோப்பைப் பூட்டி வைத்திருந்த மேஜைக்கு ஒரு ரூபாய் நஷ்டம் கிடையாது. தவறு செய்யும் கையை விட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்பவரைத் தண்டிக்கும் விதி, இல்லாததைவிட மோசம். ஏதோ நடவடிக்கை நடக்கிறது என்ற பிரமையை அது தருகிறது.

2013-ம் ஆண்டு கம்பெனிச் சட்டம் இயக்குநர்களின் செயல்பாட்டை ஆண்டுதோறும் மதிப்பிட்டு அறிக்கையில் சொல்லச் சொல்கிறது. 2015 ஜூனில் வந்த ஓர் அறிவிக்கை அரசு கம்பெனிகளுக்கு இதில் விலக்குக் கொடுத்தது. இயக்குநர்களைத் துறை அமைச்சகமே மதிப்பிட்டுக்கொண்டால் போதும். தனியார் முதலாளிக்குப் போட்ட கடிவாளத்தை அரசு தனக்கு மட்டும் கழற்றிக்கொண்டது. இன்னொரு பக்கம் மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் நல்ல நிர்வாக நெறிமுறைகளைப் பின்பற்றுகின்றனவா என்று 2010 முதல் மதிப்பெண் போடும் முறை இருக்கிறது. அந்தத் தாளைப் பூர்த்தி செய்பவர்கள் அந்தந்த நிறுவனங்களே. தேர்வு எழுதியவரே திருத்தும் தாள்.

விலக்கு என்றால் யூ.டி.ஐ.யை மறக்க முடியாது. 1963-ல் தனிச் சட்டம் போட்டு உருவாக்கிய யூனிட் டிரஸ்ட் அது. யூ.எஸ்.64 யூனிட்டில் ஓய்வூதியப் பணத்தைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்த ஆசிரியர்களும் குமாஸ்தாக்களும் தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு இருந்தார்கள். மற்ற மியூச்சுவல் ஃபண்டுகள் தங்கள் யூனிட்டின் உண்மை மதிப்பை வெளியிட்டுக்கொண்டிருந்த காலத்தில் யூ.எஸ்.64 வெளியிடவில்லை. தனிச் சட்டத்தின் நிழல். 2001 ஜூலையில் விற்பதும் திரும்ப வாங்குவதும் ஆறு மாதத்துக்கு நிறுத்தம் என்று அறிவித்தபோதுதான், உள்ளே இருக்கும் சொத்து வெளியே சொன்ன விலைக்குக் காணாது என்பது மக்களுக்கு உறைத்தது. 2002-ல் சட்டத்தையே ரத்து செய்து நிறுவனத்தை இரண்டாகப் பிரித்தார்கள். ஈடுகட்டியது மறுபடி அரசு கஜானா.

முப்பது நாளும் ‘கூடிய விரைவில்’ என்பதும்

நடக்கிற சட்டம் ஒன்றும் நம்மிடம் இருக்கிறது. 2005-ம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நல்லாட்சி பற்றிய பேருரை எதுவும் பெரிதாக இல்லை. 30 நாளில் பதில். தராவிட்டால் நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம், அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை, பொதுத் தகவல் அலுவலரின் சொந்தப் பையிலிருந்து அபராதம். அந்தச் சொந்தப் பை என்பதில்தான் சட்டத்தின் உயிர் இருக்கிறது. தமிழ்நாடு 1997-லேயே, மற்ற மாநிலங்களுக்கு முன்பாகவே தகவல் உரிமைச் சட்டம் போட்டது. ஏகப்பட்ட விதிவிலக்குகள் வைத்திருந்ததால் அதை யாரும் பெரிதாகப் பயன்படுத்தவில்லை. பெருமை மட்டும் மிஞ்சியது.

இதோடு ஒப்பிட்டால் மற்ற இடங்களில் காலக்கெடு எப்படி எழுதப்பட்டிருக்கிறது? அரசு கம்பெனிகளின் ஆண்டறிக்கையைத் தணிக்கைக் குறிப்போடு சட்டமன்றத்தில் ‘கூடிய விரைவில்’ வைக்க வேண்டும் என்கிறது கம்பெனிச் சட்டம். கூடிய விரைவு எப்போது? அதை முடிவுசெய்வது வைக்கவேண்டியவரே. வருடக்கணக்கில் கணக்கு முடிக்காமல் கிடக்கும் மாநிலப் பொதுத்துறை நிறுவனங்களைப் பட்டியலிட்டுப் பட்டியலிட்டுத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்களுக்குக் கை வலித்திருக்கும்.

தேதி போட்டால் மட்டும் போதுமா என்றால், அதுவும் போதாது. உள்ளாட்சி அமைப்பின் ஐந்தாண்டுக் காலம் முடிவதற்கு முன் தேர்தல் நடத்தி முடிக்க வேண்டும் என்பது அரசியல் சாசனத்தின் கட்டளை. தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. ஊராட்சிகளுக்குப் பெரும்பாலான மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்தல் வந்தது, நகரங்களுக்கு 2022 பிப்ரவரியில். நடுவில் தனி அலுவலர்களின் ஆட்சி. சாசனத்தை மீறியதற்காக யாருடைய பையிலிருந்தும் 250 ரூபாய் போகவில்லை.

தகவல் சட்டமும் இன்று பழைய தெம்பில் இல்லை. தகவல் ஆணையர்களுக்கு ஐந்தாண்டுப் பதவிக்காலம் என்று சட்டமே உறுதி சொல்லியிருந்தது. 2019 திருத்தம் அதை எடுத்து மத்திய அரசின் விதிகளுக்குள் வைத்தது. விதி மூன்றாண்டு என்றது. சம்பளத்தை நிர்ணயிக்கும் அதிகாரமும் அதோடு போனது. அரசுக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லவேண்டியவரின் காலமும் காசும் அரசின் கையில். இதைச் செய்ய சட்டத்தின் முகவுரையில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

எல்.ஐ.சி.க்கு மறுபடி வருவோம். 2022 மே மாதம் அது பங்குச் சந்தைக்கு வந்தது, அரசு 3.5 சதவீதப் பங்கை விற்றது. அதற்கு முன்பே, 2021 நிதிச் சட்டத்தின் வழியாக எல்.ஐ.சி. சட்டத்தைத் திருத்தியிருந்தார்கள். தனி இயக்குநர்கள் வந்தார்கள், தணிக்கைக் குழு வந்தது, இயக்குநர்கள் தங்கள் சொந்த நலன்களை வெளிப்படுத்த வேண்டும் என்ற கட்டாயம் வந்தது. சாக்ளா சொன்னவற்றில் சில, அறுபது ஆண்டுக்குப் பிறகு, பங்கு விற்கவேண்டிய அவசியத்தால் சட்டமாயின. பாலிசிதாரர் கேட்டபோது வராதது முதலீட்டாளர் கேட்டதும் வந்தது என்றும் சொல்லலாம். 21-வது பிரிவு மட்டும் பழைய இடத்திலேயே இருக்கிறது. எழுத்தில் வராத உத்தரவு செல்லாது என்ற வரி இன்னும் சேரவில்லை.

இனி நம் மாநிலச் சட்டங்களுக்கு வருவோம். ஒப்பந்தப்புள்ளி விஷயத்தில் தமிழ்நாடு ஒரு காலத்தில் முன்னோடி. 1998-ல் நாம் போட்ட ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்துக்குப் பிறகுதான் கர்நாடகம் போட்டது. மத்திய அரசு 2012-ல் கொண்டுவந்த பொதுக் கொள்முதல் மசோதா காலாவதியாகி, இன்றும் விதிகளை வைத்தே காலம் தள்ளுகிறது. சட்டம் எழுதத் தெரியாதவர்கள் அல்ல நாம். ஆகவே கேட்பதில் தவறில்லை.

வீட்டுவசதி வாரியம், குடிநீர் வடிகால் வாரியம், சென்னைக் குடிநீர் வாரியம் எல்லாம் மாநிலச் சட்டத்தால் உருவானவை. திருத்தும் அதிகாரம் சட்டமன்றத்துக்கு உண்டு. இப்படித் திருத்தட்டும்: அரசின் உத்தரவு எழுத்தில் இல்லாவிட்டால் வாரியத்தைக் கட்டுப்படுத்தாது. எழுத்தில் வந்த ஒவ்வோர் உத்தரவும், அதற்கான செலவை யார் தருகிறார்கள் என்ற விவரத்தோடு, 30 நாளில் வாரியத்தின் இணையதளத்திலும் அடுத்த கூட்டத்தொடரில் பேரவையிலும் வைக்கப்படும். வைக்கத் தவறினால் துறைச் செயலாளர் சொந்தப் பையிலிருந்து கட்டுவார். இரண்டு பாரா திருத்தம். ஒரு தனிநபர் மசோதாவாகக்கூட எந்த எம்.எல்.ஏ.வும் கொண்டுவரலாம்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வெள்ளைத்தாளில் ஒரு மனு, 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை. உங்களோடு சம்பந்தப்பட்ட ஏதாவது ஒரு வாரியத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள்: கடந்த ஐந்து ஆண்டுகளில் அரசு உங்கள் வாரியத்துக்கு எழுத்துமூலம் தந்த கொள்கை உத்தரவுகள் எத்தனை, அவற்றின் நகல்களைத் தருக. ‘எதுவும் இல்லை’ என்று பதில் வந்தால் அதைக் கிழித்துப் போடாதீர்கள். ஒரு பிரதி எடுத்து உங்கள் தொகுதி எம்.எல்.ஏ.விடம் நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.